ஓணானுக்கும் உடும்புக்கும் வழி விடுவோம்

அய்யனார் கோயில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று தெரிந்தால் போதும், ராஜபாளையத்தில் பாதி வீடுகளில் புளிசாதம் கிளறத் தொடங்கிவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு. போகட்டும், பிள்ளைகள் மலையைப் பார்க்காமல் வளர்வதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பாறையில் வெயில் காயும் உடும்போ, கிளையில் தொங்கும் பச்சைப்பாம்போ கண்ணில் பட்டதும் பெரியவர்களுக்கு ஒன்று கல் தேடத் தோன்றுகிறது, இல்லையென்றால் செல்போனோடு கிட்டே போகத் தோன்றுகிறது. பிள்ளைகள் அதைத்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஓணான் பாடு இன்னும் மோசம். ராமருக்கு அணில் உதவியதாம், ஓணான் அவமதித்ததாம். இந்தக் கதையைச் சொல்லியே எத்தனையோ தலைமுறைப் பையன்கள் அதன் கழுத்தில் சுருக்குப் போட்டார்கள். அணிலுக்கோ 1988-இல் இந்த மலையில் சரணாலயமே அமைந்தது. (அது சாம்பல் நிற மலை அணில், கதையில் வரும் முதுகுக்கோட்டு அணில் அல்ல.) 2021-இல் இதே காடு ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. யானைக்கும் புலிக்கும் இடம் வேண்டும் என்பதை ஊர் ஒருவழியாக ஒப்புக்கொண்டுவிட்டது. ஊர்வனவற்றுக்கு அந்தச் சம்மதம் இன்னும் கிடைக்கவில்லை.

பயத்தைக் குறை சொல்ல முடியாது. பாம்புக்கடியால் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழக அரசு 2024-இல் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. இவ்வளவு இருந்தும் நம் பயம் ஆளை மாற்றியே பிடிக்கிறது. விஷமே இல்லாத அரணையையும் சாரையையும் அடிக்கிறோம். இருட்டில் டார்ச் இல்லாமல், செருப்பில்லாமல் நடக்கிறோம்.

மலையேறுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அரசு மருத்துவமனைகளில் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு தயாராவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களும் ராஜநாகமும் அந்தக் கணக்கில் வராதவை. ஆக மலையில் எட்டி நிற்பதுதான் முதல் மருந்து. அதையும் மீறிக் கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், பாம்பைத் தேடி ஓடவும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இந்த எச்சரிக்கையைக் குடும்பங்களின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிறவர்களின் பைகளில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று தாணிப்பாறை அடிவாரத்தில் பார்க்கிறார்கள். அங்கேயே இந்த மலைப் பாம்புகளின் படமும், விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து மருத்துவமனையின் பெயரும் போட்ட பலகை ஒன்றை வைக்க வனத்துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் பெரிய செலவாகாது. பலகையோடு குப்பையையும் கவனிக்க வேண்டும்: மீந்த சோறு கிடக்கும் இடத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். குப்பையை அன்றன்றே அள்ளுவது உள்ளாட்சியின் வேலை, போடாமல் இருப்பது நம் வேலை. நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: நாயை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், உடும்பைக் கண்டால் அது சும்மா இருக்காது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு சிறை.

எந்தப் பாறையிடுக்கில் எது கிடக்கும் என்று இந்த மலையின் பளியர்களுக்குத் தெரியும். கூலி கொடுத்து அவர்களை வழிகாட்டிகளாக அமர்த்தினால், பறக்கும் ஓணான் மரம்விட்டு மரம் தாவுவதைப் பிள்ளைகள் தள்ளி நின்றே பார்த்துவிடலாம். ஆடி அமாவாசைக் கூட்டம் சேர்வதற்கு முன்னால் வனத்துறை, கோயில் நிர்வாகம், நகராட்சி, பள்ளிகள் நான்கும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் தாணிப்பாறையிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.