சிவப்பழகு கிரீமும் உரிம எண்ணும்

ரங்கநாதன் தெருவோ, அடையாறு பார்லரோ, சிவப்பழகு கிரீம் எங்கும் கிடைக்கும். 2020-ல் வந்த அழகுசாதன விதிகளின்படி தயாரிக்க உரிமம், இறக்குமதிக்குப் பதிவு எண் கட்டாயம். முகக் கிரீமில் பாதரசம் தெரியாமல் சேர்ந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஆனால் விற்கும் கடைக்குத் தனி உரிமம் தேவையில்லை! ஓட்டை அங்கேதான்.

2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். பூசியது முகத்தில், போய்ச் சேர்ந்தது சிறுநீரகத்தில்!

ஐரோப்பாவில் 2013 முதல் நிபுணரின் பாதுகாப்பு அறிக்கை இல்லாமல் எந்த அழகுசாதனமும் சந்தைக்கு வர முடியாது. நல்ல விஷயம்தான். ஆனால் உரிமமே இல்லாத டப்பாவுக்கு யார் அறிக்கை எழுதுவார்? முதலில் கடைகளைப் பதிவு செய்யட்டும்.

அதுவரை தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள் மக்களே!