துருத்தி இல்லாத உலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

'உலை' என்றதும் நம்மில் பலருக்குச் சோற்றுப் பானைதான் நினைவில் எழும். எங்கள் வீட்டில் அச்சொல்லுக்கு வேறு பொருள். மண்வெட்டி, கொழு, கருக்கரிவாள், அரிவாள்மனை என ஊருக்கு வேண்டிய இரும்புச் சாமான்களை அடித்துக் கொடுத்த கொல்லுப்பட்டறைக் குடும்பம் எங்களுடையது. தாத்தாவோடு அந்த உலை அணைந்தது. தந்தையார் லாரிப் பட்டறைக்குக் கூலி வேலைக்குப் போனார். நான் கல்லூரிக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்பு வகுப்பில் முதன்முதலாக உட்கார்ந்தவள் நான்தான்.

அத்தகைய நான் விடுமுறை நாட்களில் பொழுதுபோக்காகக் கத்தி அடிக்கிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். 'உலையை விட்டு வெளியேறத்தானே படிக்க வைத்தோம்' என்று வீட்டார் வருந்துகிறார்கள். 'கரியும் இல்லை, நெருப்பும் இல்லை, பொத்தானை அமுக்கி இரும்பைக் காய்ச்சுவது ஒரு தொழிலா?' என்று பழைய பட்டறைக்காரர்கள் ஏளனம் செய்கிறார்கள். இவ்விரு தரப்பாருக்கும் என் மனத்தில் உள்ளதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் தாய்மாமன் மோட்டார் பம்புக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கிறார். அங்கே இரும்புத் தண்டுகளின் மேற்பரப்பைக் கடினமாக்க ஒரு தூண்டல் சூடேற்றி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் முதலாளியின் அனுமதியோடு, மாமா பக்கத்தில் நிற்க, அதில்தான் நான் இரும்பைக் காய்ச்சுகிறேன். பார்வைக்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒரு பெட்டி, அதன் முகப்பில் நாலைந்து சுற்றாக வளைத்த செம்புக் குழாய், குழாய்க்குள் ஓயாமல் ஓடும் தண்ணீர். லாரிப் பட்டையில் வெட்டிய துண்டைக் குறட்டால் பிடித்துச் சுருளுக்குள் நீட்டி, காலால் மிதியை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் அது இளமஞ்சளாகப் பழுத்துவிடும். சுருளோ தொடாமலே நிற்கும். முதல் நாள் பார்த்தபோது மாயாஜாலம் என்றே தோன்றியது.

ஆனால் மாயம் ஏதுமில்லை. நம் வீடுகளுக்கு வந்துவிட்ட 'இண்டக்ஷன் அடுப்பு' இதன் தங்கைதான். நம் சுவரில் வரும் மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. இச்சாதனம் அதை ஏறத்தாழ 30,000 முறை அப்படி அலையச் செய்து சுருளுக்குள் அனுப்புகிறது. அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம், உள்ளே இருக்கும் இரும்பில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அந்த மின்னோட்டத்துக்கு இரும்பே தடையாக நின்று தானே காய்கிறது. இரும்பு காந்தமாக இருக்கும்வரை, அதன் காந்தத் தன்மை முன்னும் பின்னும் புரட்டப்படுவதாலும் கொஞ்சம் வெப்பம் சேரும்.

இதற்கெல்லாம் வேரான மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டவர் மைக்கேல் ஃபாரடே என்பதை நாம் பள்ளியிலேயே படித்தோம். அவர் ஒரு கொல்லரின் மகன் என்பதை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை! அதற்கு ஒரு பத்தாண்டுக்கு முன்பே அவர் நம் நாட்டிலிருந்து சென்ற 'ஊட்ஸ்' எஃகைப் பகுத்தாய்ந்து 1819-இல் கட்டுரை எழுதினார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைச் சோதித்தார். நம் பக்கத்து 'உக்கு' என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் ஊட்ஸ் ஆயிற்று என்பர். கொல்லரின் மகன் ஒருவர் நம் கொல்லர்களின் எஃகை ஆராய்ந்தார். பிறகு அவர் கண்ட தத்துவத்தில் இன்று ஒரு கொல்லரின் பேத்தி கத்தி காய்ச்சுகிறாள். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மறைப்பானேன்?

கர்வம் போதும், கணக்குக்கு வருவோம். ஒரு கத்திக்கு ஒரு தடவைக்குக் காய வேண்டிய பகுதி சுமார் 150 கிராம் என்று கொள்வோம். அதை 1,050 பாகை செல்சியசுக்கு ஏற்ற ஏறத்தாழ 100 கிலோஜூல் வெப்பம் போதும். அதே அளவு வீணாகிறது என்றாலும் 200 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். ஆகவே ஒரு யூனிட்டில் பதினெட்டுக் காய்ச்சல்! சமையலறைக் கத்தி ஒன்றை அடித்து முடிக்க எனக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகிறது. கரியுலையோ நாம் சுத்தியல் பிடித்திருக்கும் நேரத்திலும் வெறுமனே எரிந்துகொண்டிருக்கும்.

எனினும் இச்சாதனத்தின் பெருமையை நான் யூனிட் கணக்கில் காணவில்லை. துருத்தியில் காண்கிறேன்.

எங்கள் உலையில் சுத்தியல் பிடித்தவர் தாத்தா. துருத்தி இழுத்தவர் அப்பத்தா. பெரிய கொழு அடிக்கும் நாளில் எதிரே நின்று சம்மட்டி போட்டவரும் அவர்தான். புகை முழுவதும் அவர் முகத்துக்கே வரும் என்பார் என் தந்தை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துருத்திக் கயிறு தந்தையின் கைக்கு மாறும். அவர் எட்டாம் வகுப்போடு நின்றதற்கு அந்தக் கயிறும் ஒரு காரணம். இவ்வளவு செய்த அப்பத்தாவை ஊரில் எவரேனும் கொல்லர் என்று சொன்னதுண்டா? 'கொல்லத்தி' என்று ஒரு சொல் இருக்கிறது. அது கொல்லர் வீட்டுப் பெண்ணைக் குறிக்கும். உலையில் வேலை செய்பவளைக் குறிக்காது. திருப்பாச்சேத்தி அரிவாளைப் பற்றியும், பண்டைத் தமிழரின் எஃகைப் பற்றியும் மேடைதோறும் முழங்குகிறோம். அந்த எஃகுக்குக் காற்று ஊதிய கைகள் யாருடையவை என்று ஒரு பேச்சாளராவது கேட்டதாக நான் அறியேன்.

பொங்கல் விடுமுறையில் அப்பத்தாவை மாமாவின் பட்டறைக்கு அழைத்துப் போனேன். நான் மிதியை அழுத்த, பட்டை சிவந்து மஞ்சளாவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏத்தா, இதுக்கு ஊத ஆளு வேணாமா?" என்றார். வேண்டாம் என்றேன். "அப்ப நீ ஒருத்தியே அடிச்சுப்புடலாம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சுவரோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, நான் அடிக்கும் அடி சரியில்லை என்று திருத்தத் தொடங்கிவிட்டார்!

மின்சார ஊதி வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆயிற்றே, துருத்தி எப்போதோ போய்விட்டதே என்று கேட்கலாம். இழுப்பது போயிற்று, உண்மை. புகை போகவில்லை, சாம்பல் போகவில்லை, கரி விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும் தெருவில் கரியுலை மூட்டினால் பக்கத்து வீட்டார் சும்மா இருப்பார்களா? பொழுதுபோக்காகக் கற்க விரும்புகிறவருக்குப் புகையில்லா உலைதான் முதல் வாசல்.

இனிப் பட்டறைக்காரர்களின் ஏளனத்துக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. இயந்திரம் இரும்பைக் காய்ச்சும். எவ்வளவு காய்ந்தது என்று சொல்லாது. கரியுலையில் நிறம் மெல்ல மெல்ல ஏறும், கண் பழகும். சுருளுக்குள் செந்நிறத்துக்கும் பொறி பறக்கும் வெண்மைக்கும் இடையே சில வினாடிகள்தாம். கத்தியின் நுனி மெல்லியது. பருமன் குறைந்த இடம் முதலில் கொதித்துவிடும். அதிகம் காய்ந்த எஃகின் மணிகள் பருத்து, பிறகு எவ்வளவு தீட்டினாலும் அலகு பொத்துப் பொத்தென்று உடையும். ஆகவே நிறம் பார்க்கும் கண் இல்லாதவர் கையில் இச்சாதனம் நல்ல எஃகை விரைவாகக் கெடுக்கும் கருவியே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது இயற்பியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி. அதிக அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் தோலில்தான் ஓடும். குளிர்ந்த எஃகில் 30,000 அதிர்வெண்ணில் அந்தத் தோலின் ஆழம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. சுமார் 770 பாகையில் இரும்பு தன் காந்தத் தன்மையை இழக்கிறது அல்லவா? அதைத் தாண்டியதும் ஆழம் சட்டென்று மூன்று மில்லிமீட்டர் அளவுக்குப் போய்விடுகிறது. எட்டு மில்லிமீட்டர் கனமுள்ள பட்டைக்கு இதனால் பெரிய தொல்லையில்லை. அடித்து அடித்து அதை மூன்று மில்லிமீட்டர் கத்தியாக மெலித்த பிறகு பாருங்கள்! இரு முகங்களிலும் எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். செந்நிறம் வரை பாய்ந்து வந்த இயந்திரம் அதற்குமேல் மூச்சு வாங்கும். மெல்லிய அலகுக்கு இன்னும் உயர்ந்த அதிர்வெண் வேண்டும். இப்படி ஒரு புத்தகக் கணக்கு கையில் பிடித்த குறட்டின் முனையில் நடப்பதைக் கண்ட அன்று, இப்படிப்பைத் தேர்ந்ததற்காக மகிழ்ந்தேன்.

அதே 770 பாகையைத் தாத்தா எண்ணாக அறியார். தோய்ச்சல் போடுமுன் இரும்பின் நிறத்தைப் பட்டறையின் இருட்டு மூலையில் வைத்துப் பார்ப்பாராம். நான் ஒரு காந்தத் துண்டைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறேன். காந்தம் ஒட்டாமல் போனபின் இன்னும் சற்றே சூடேற்றி, எண்ணெயில் தோய்க்கிறேன். பிறகு வைக்கோல் நிறம் வரும்வரை 220 பாகை அளவில் மெல்ல வாட்ட வேண்டும். தோய்ச்சலையும் வாட்டலையும் எந்தச் சுருளும் நமக்காகச் செய்து தராது. சுத்தியல் அடியும் அப்படித்தான். 'பொத்தான் தொழில்' என்பவர்கள் ஒரு ஞாயிறு வந்து என் உள்ளங்கையைப் பார்க்கட்டும்.

வளைந்த பொருளுக்கும் இச்சாதனம் ஒத்துவராது. சுருளும் இரும்பும் நெருங்கியிருந்தால்தான் வெப்பம் ஏறும். நேரான கத்தி நுழையும் சுருளில் அரிவாளின் மூக்கு நுழையாது. கொண்டை ஊசி போல வளைத்த வேறு சுருள் வேண்டும். கரியுலைக்கோ எந்த உருவமும் ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தில் தாத்தாவின் உலைக்கே என் வாக்கு.

வீட்டாரின் வருத்தத்துக்கு விடை சொல்வதுதான் கடினம். 1953-இல் இம்மாநிலத்தில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது அது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954-இல் அது கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் எங்கள் தெருவில் எத்தனை பேர் புத்தகத்தைத் தொட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பிறப்பு ஒருவர் கையில் துருத்திக் கயிற்றைத் திணிப்பது கொடுமை. அதே கையில் அவராக விரும்பிச் சுத்தியலை எடுத்தால் அதற்குப் பெயர் வேறு. வேண்டாம் என்றால் நாளைக்கே நான் அதைக் கீழே வைத்துவிடலாம்; என் தேர்வு மதிப்பெண்ணும் குறையாது, அடுப்பும் அணையாது. அந்த வசதி தாத்தாவுக்கும் அப்பத்தாவுக்கும் இருந்ததில்லை. என் வகுப்பில் கொல்லர் குடும்பத்தைச் சேராத தோழியர் இருவர் இப்போது என்னோடு வருகிறார்கள். அவர்கள் சுத்தியல் பிடிப்பதைப் பார்த்த பிறகு அம்மாவின் முணுமுணுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

கத்தி என்றாலே முகம் சுளிப்போர்க்கு ஒரு வார்த்தை. வீட்டுக்கும் வயலுக்கும் மட்டுமே உரிய கருவியை 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே ஆயுதமாகக் கருதுவதில்லை. நான் செய்வது காய் நறுக்கும் கத்திதான். வீச்சரிவாள் கேட்டு வந்த ஓர் உறவினரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன்.

தொடங்க விரும்பும் நண்பர்கள் அவசரப்பட்டுக் கடைகளில் கிடைக்கும் ஆயிரம் வாட் பலகையை வாங்க வேண்டாம். 48 வோல்ட்டில் ஓடும் அச்சிறு சாதனம் ஆணியையும் சிறு போல்ட்டையும் சிவக்க வைக்கும், கத்திக்குப் போதாது. பெரியவை விலை அதிகம். மும்முனை மின்சாரமும் கேட்கும். வீட்டின் 15 ஆம்பியர் செருகியில் கிடைப்பது மூன்று கிலோவாட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. எனவே தனித்தனியே வாங்குவதைவிட நமது கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஒன்று இருந்தால் ஃபாரடே விதியும் கியூரி வெப்பநிலையும் கண்ணெதிரே விளங்கும். மாலையில் விருப்பமுள்ளோர் கத்தியும் அடிக்கலாம். துறைத் தலைவர் அவர்கள் இதைக் கனிவோடு ஆராய வேண்டுகிறேன்.

அருகே வருவோர் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிட வேண்டும். விரலில் இருக்கும்போதே மோதிரம் காயும். இதயத்தில் மின்கருவி பொருத்தியவர்கள் அப்பக்கமே வரக் கூடாது. தண்ணீர் நின்றால் செம்புச் சுருள் உருகும். துத்தநாகம் பூசிய இரும்பைக் காய்ச்சினால் எழும் வெண்புகை கெடுதல். அதைத் தொடவே வேண்டாம். நெருப்பு தெரியாததால் கறுத்துக் கிடக்கும் துண்டு ஆறிவிட்டது என்று எண்ணிக் கைவைத்துவிடக் கூடாது. கறுத்த இரும்பும் 400 பாகையில் இருக்கலாம்.

அரிவாள் மூக்குக்கான சுருளை வளைக்கக் கால் அங்குலச் செம்புக் குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே மணல் நிரப்பி வளைத்தால் நசுங்காது என்கிறார் மாமா. கோடை விடுமுறையில் செய்து பார்ப்பதாக இருக்கிறோம். உடன்வர விரும்புவோர் இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் வந்து கேட்கலாம்.