கன்றுக்குக் கழிவு ஒயில், பிள்ளைக்குக் கடைசி வாங்கு



நெடுங்கேணி உறவுகளே, கொஞ்சம் நீளமான பதிவு. ஆடு, மாடு, கோழி வளர்க்கிறவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்புகிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

போன மாரியில் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு சின்னப் பிள்ளையின் கையில் வட்டம் வட்டமாகப் படர்தாமரை. மற்றப் பிள்ளைகள் விலகினார்கள். சில பெற்றோர் வந்து கதைத்தார்கள். பிள்ளை கடைசி வாங்குக்குப் போனது. "வீடு துப்புரவில்லைப் போல" என்று அதன் காதுபடவே பேச்சு. ஆசிரியர்களாகிய நாங்களும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். முற்றத்தில் கட்டியிருந்த கன்றின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் மயிர் கொட்டி, சாம்பல் நிறப் பொருக்கோடு அதே வட்டம். அதன்மேல் கறுப்பாக வாகனக் கழிவு ஒயில். தினமும் அந்தக் கன்றுக்குப் புல் போட்டு, கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுவது அந்தப் பிள்ளைதான்.

பிள்ளை செய்த குற்றம் என்ன? கன்றில் பாசம் வைத்ததா?

இது கண்ணூறும் இல்லை, செய்வினையும் இல்லை. பங்கசு. மாட்டில் வருவது பெரும்பாலும் டிரைக்கோபைட்டன் வெருகோசம் என்ற இனம். தொட்டால் மனிதருக்கும் வரும். கொட்டிய பொருக்கிலும், கட்டுக்கயிற்றிலும், கொட்டில் மரத்திலும் அதன் வித்திகள் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கன்று மாறினாலும் கயிறு மாறாவிட்டால் அடுத்த கன்றுக்கும் வரும்.

"எங்கட அப்பா காலத்தில் இருந்தே ஒயில்தான் பூசுகிறோம், மாறுகிறதே!" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மாட்டில் வரும் படர்தாமரை பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு மாதத்தில் தானாகவே மாறும். மாற்றியது நாள், பெயர் வாங்கியது ஒயில். கழிவு ஒயிலில் நஞ்சு உண்டு. மாடு தன் உடம்பை நக்கும், அந்த நஞ்சு உள்ளே போகும். அந்த மாதங்கள் முழுக்கப் பொருக்கு கொட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பிள்ளைகள் தொட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொரு கூட்டம் பாமசிக்கு ஓடுகிறது. துண்டும் இல்லை, வைத்தியரும் இல்லை. "அரிப்புக்கு ஒரு கிறீம் தாங்கோ." கிடைப்பது ஸ்டீரொய்ட் கலந்த கிறீம். பிள்ளைக்கும் அதே, ஆட்டுக்கும் அதே. இரண்டு நாளில் சிவப்பு இறங்கும், அரிப்பு அடங்கும், நாமும் நம்பிவிடுவோம். ஆனால் ஸ்டீரொய்ட் அடக்குவது தோலின் எதிர்ப்பைத்தான். பங்கசு கேட்பாரில்லாமல் படரும். வட்டத்தின் உருவமே மாறிப்போவதால் வைத்தியருக்கும் அடையாளம் பிடிபடாமல் போகலாம்.

பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் மனிதர்களிடையே மாறவே மறுக்கும் படர்தாமரை பெருகியது. ஸ்டீரொய்ட் கலப்புக் கிறீம்களைக் கண்டபடி பூசியது அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று தோல் வைத்திய நிபுணர்கள் சொல்கிறார்கள். அந்தப் பங்கசுக்கு 2020இல் டிரைக்கோபைட்டன் இன்டோடினியே என்று தனிப்பெயரே வைத்தார்கள். வழக்கமான மருந்துக்கு அடங்காத வகைகள் அதில் ஏராளம். அந்த வழியில் நாமும் போக வேண்டுமா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். படர்தாமரை நல்ல திடமான கன்றையும் பிடிக்கும். மெலிந்த கன்றில் கூடுதலாகப் பரவி, கூடுதல் நாள் நிற்கும். வேறு சில பங்கசுகள் சந்தர்ப்பம் பார்த்து நிற்பவை. மண்ணிலும் வைக்கோலிலும் தோலிலும் எப்போதும் இருக்கும், திடமான உடம்பை ஒன்றும் செய்யாது. உடம்பு சோர்ந்தால் உள்ளே வரும். கதவைத் திறந்து விடுவது யார்? பெரும்பாலும் நாம்தான்.

கோழிக்குஞ்சுக்கு ஈர உமியையும் பூஞ்சணம் பிடித்த வைக்கோலையும் விரிக்கிறோம். அதிலிருந்து எழும் அஸ்பெர்ஜிலஸ் வித்திகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகின்றன. குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிச் சாகிறது. நாம் "சளி" என்று தண்ணீரில் அன்டிபயோட்டிக் கலக்குகிறோம். அன்டிபயோட்டிக் பங்கசைக் கொல்லாது.

பசுவுக்கு மடியழற்சி வந்தால், யாரோ தந்த டியூபைக் கழுவாத கையால் மடிக்குள் ஏற்றுகிறோம். மாறாவிட்டால் இன்னொன்று. அழுக்கோடு ஈஸ்ட் வகைப் பங்கசும் உள்ளே போகும். பற்றீரியா செத்த இடத்தில் அது குடியேறும். அதன் பிறகு எத்தனை டியூப் ஏற்றினாலும் பயனில்லை, பாலும் போய்விடும்.

பூனைக்குட்டிக்கு மயிர் கொட்டினால் சாக்கில் கட்டிக் குளக்கட்டில் விட்டுவிட்டு வருகிறோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதை எங்கள் மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். பெரியவர்கள்தான் மறந்துவிட்டோம். விட்ட இடத்தில் அந்த நோய் நின்றுவிடுமா? அடுத்த வீட்டுக் குழந்தை தூக்கிக்கொண்டு வரும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சோர்வு. மாரியில் வயலெல்லாம் பயிர். மாடு மேய இடமில்லாமல் காட்டோரம் அலைந்து, இரவில் முழங்கால் சேற்றில் பட்டியில் நிற்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்துக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. அவற்றைக் கொன்றது குளிர், பங்கசு இல்லை. ஆனால் எங்கள் கால்நடைகள் எவ்வளவு காப்பில்லாமல் நிற்கின்றன என்பதை அந்த ஓரிரு நாட்கள் காட்டின. சாகாமல் தப்பும் உடம்பும் மாரி முழுக்க நனைந்து பட்டினி கிடந்தால் பங்கசுக்கு வேறென்ன சந்தர்ப்பம் வேண்டும்?

"மழையை நிறுத்த ஏலுமா சேர்?" என்று கேட்பீர்கள். ஏலாது. கொட்டிலின் நிலத்தை ஒரு அடி உயர்த்த ஏலும். வைக்கோலைப் படங்கால் மூட ஏலும். "வாத்திமாருக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும்?" என்றும் கேட்பீர்கள். மாட்டைப் பற்றி உங்களுக்குத்தான் கூடத் தெரியும். பிள்ளையின் கையில் வரும் வட்டத்தை முதலில் பார்ப்பது நாங்கள்.

ஆகவே, அடுத்த மாரிக்கு முன் செய்ய வேண்டியவை:

படர்தாமரை வந்த கன்றைத் தனியே, வெயில் படும் இடத்தில் கட்டுங்கள். அதற்குத் தனிக் கயிறு. பொருக்கைக் கூட்டி எரியுங்கள். கொட்டில் மரங்களைக் கழுவிச் சுண்ணாம்பு அடியுங்கள். கன்றைப் பிள்ளை பராமரிக்க வேண்டாம். பெரியவர்கள் கையுறையோடு செய்து, சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒயிலையும் பாமசிக் கிறீமையும் விட்டுவிட்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். உழ்ஹிய்யாவுக்கு வாங்கும் ஆட்டின் குறையைத் தேடித் தேடிப் பார்க்கிறோமே, வீட்டில் நிற்கும் ஆட்டையும் அப்படி ஒருநாள் பாருங்கள்.

பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். தலையில் வந்தால் பூசுவது மட்டும் போதாது, குடிக்கும் மருந்து வேண்டும். பிள்ளையும் கன்றும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். ஒன்றை விட்டால் மற்றதுக்குத் திரும்ப வரும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார், கால்நடைப் போதனாசிரியர் பட்டிக்குப் போகிறார். மாரிக்கு முன் ஒரு நாள் இருவரும் சேர்ந்து ஒரே வீட்டுப் படலையைத் திறக்கட்டும். நோய் பிரிவு பார்த்து வருவதில்லை.

கடைசியாக, ஆசிரியர்களாகிய எங்களுக்கு. மருந்து தொடங்கிவிட்டால் அந்தப் பிள்ளை வகுப்பில் எல்லோரோடும் இருக்கலாம். வட்டத்தை ஒரு துணியால் மூடினால் போதும். தோல் ஒரு மாதத்தில் மாறும். கடைசி வாங்கில் இருந்த நாட்களை அந்தப் பிள்ளை எப்போது மறக்கும்?

முன் வாங்குக்குக் கூப்பிடுவோம். மாடு வளர்க்கிற ஒரு வீட்டுக்காவது இதை வாசித்துக் காட்டுங்கள்.