எந்தப் பள்ளி நல்ல பள்ளி?



சென்ற மாதம் நம் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பனார் ஆராதனைக்குப் பின் என் அறைக்கு வந்தார். மடிக்கணினியைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினார். இங்கே நியூ ஜெர்சியில் உள்ள ஐந்து தனியார் பிரெப் பள்ளிகளின் பெயர்கள். அவற்றுக்கு எதிரே ஆண்டுக் கட்டணம், எஸ்.ஏ.டி. சராசரி, ஐவி லீக் கல்லூரிகளில் இடம் பெற்றவர்களின் எண்ணிக்கை, கால்பந்து அணி வென்ற கோப்பைகள். எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன் அருகில் அமர்ந்திருந்தான்.

“ஐயா, படிப்பும் கால்பந்தும் சேர்ந்து எங்கே நன்றாயிருக்கும்? நீங்களும் ஒரு சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். பையன் சபை ஊழியத்தில் உற்சாகமாய்ப் பங்கெடுக்கிறான் என்று எழுதினால் போதும்” என்றார்.

பையன் தலைகுனிந்துகொண்டான். ஞாயிறு காலைகளில் கிளப் ஆட்டங்கள் இருப்பதால் ஓராண்டாக அவன் ஆராதனைக்கு வந்த நாள்கள் மிகச் சில. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தகப்பனாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஏனெனில் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. நம் சபையில் பல வீடுகளில் இதே அட்டவணை திறந்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பது பாவமன்று. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவரே போதித்தார் (லூக்கா 14:28). ஆகையால் கணக்கையே முதலில் பார்ப்போம். இம்மாநிலத்தின் பெயர்பெற்ற பிரெப் பள்ளிகள் சிலவற்றில் ஆண்டுக் கட்டணம் 40,000 டாலருக்கும் மேல். “கால்பந்து அவனைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விடும்” என்ற நம்பிக்கையில் வீட்டின் மேல் கடன் வாங்குகிறவர்கள் சில உண்மைகளை அறிந்திருப்பது நல்லது. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை வழங்குவதில்லை. எம்.ஐ.டி. போன்ற மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் வழங்குவதில்லை. உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடும் பையன்களில் கல்லூரி அணிகளுக்குச் செல்பவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். முதற்பிரிவுக்குச் செல்பவர்கள் அதிலும் சிறு பங்கு. மேலும், மேஜர் லீக் சாக்கரின் இளைஞர் அகாடமிகளில் முழுநேரமாய் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி அணியில் ஆடுவதில்லை. அப்படியிருக்க, பள்ளி வென்ற கோப்பைகளை எண்ணிக் கட்டணம் செலுத்துவதில் பொருள் என்ன?

இனி அந்த அட்டவணையில் இருந்த ஒரு பள்ளியைப் பற்றிச் சொல்லுகிறேன். நூவர்க் நகரில் உள்ள செயின்ட் பெனடிக்ட்ஸ் பிரெப் பள்ளியைப் பெனடிக்ட் சபைத் துறவிகள் 1868-இல் தொடங்கினார்கள். 1967-இல் அந்நகரத்தில் மூண்ட கலவரத்துக்குப் பின் வசதியுள்ள குடும்பங்கள் பல வெளியேறின. துறவிகளுக்குள்ளும் பிளவு உண்டாயிற்று. பலர் மடத்தை விட்டுப் போனார்கள். 1972-இல் பள்ளி மூடப்பட்டது. எஞ்சிய சிலர் நகரத்தைக் கைவிட மனமில்லாமல் 1973-இல் அதை மறுபடியும் திறந்தார்கள். அப்போது தலைமையாசிரியராய்ப் பொறுப்பேற்ற எட்வின் லீஹி இருபதுகளில் இருந்த ஓர் இளந்துறவி.

கால்பந்தை அறிந்தவர்களுக்கு அந்தப் பள்ளியின் பெயர் புதிதல்ல. 1990, 1994, 1998 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளில் அமெரிக்காவுக்காக ஆடிய டேப் ராமோஸ் அங்கே படித்தவர். 2002-இலும் 2006-இலும் அணித்தலைவராய் இருந்த கிளாடியோ ரேனாவும், 2022-இல் பயிற்சியாளராய் இருந்த கிரெக் பெர்ஹால்டரும் அங்கே படித்தவர்களே. நம் சகோதரருடைய அட்டவணையில் “கோப்பைகள்” என்ற கட்டத்தில் அதற்கு முதலிடம் கிடைத்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த அட்டவணையில் இடம்பெறாத காரியங்களே என்னைத் தொட்டன. அங்கே அன்றாடக் காலைக் கூடுகையை நடத்துகிறவர்கள் மாணவர்கள். வராதவன் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறவர்களும் அவர்களே. முதலாண்டின் முடிவில் மாணவர்கள் சிறு குழுக்களாய் அப்பலாச்சியன் மலைப்பாதையில் ஐம்பது மைலுக்கும் மேல் நடக்கிறார்கள். கால் வலிக்கிறவனை விட்டுவிட்டு எந்தக் குழுவும் முன்னேற முடியாது. எல்லாரும் சேர்ந்தே போய்ச் சேர வேண்டும். என் சகோதரனை நோகச்செய்வது என்னையும் நோகச்செய்கிறது என்பதே அந்தப் பள்ளியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதும் இதுவல்லவா? ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்கிறார் (1 கொரிந்தியர் 12:26). அந்தக் கொரிந்து பட்டணத்துக்கு அருகேதான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. வென்றவனுக்குக் கிடைத்தது பைன் தழையாலோ செலரித் தழையாலோ கட்டிய ஒரு கிரீடம். அங்கே ஒன்றரை ஆண்டு தங்கியிருந்த பவுல் அதைப் பற்றி நன்றாய் அறிந்திருப்பார். ஆகவே அவர் ஓட்டத்தை இகழவில்லை. ஓடுகிறவனின் இச்சையடக்கத்தை மெச்சுகிறார். அந்தக் கிரீடம் அழியக்கூடியது என்று மட்டும் நினைவூட்டுகிறார் (1 கொரிந்தியர் 9:25). ஒரே நிருபத்தில் ஓடுகிறவனையும் நோகிற அவயவத்தையும் அவர் சேர்த்தே வைத்திருக்கிறார். நாமோ நம் பிள்ளைகளுக்கு முதலாவதை மட்டும் கற்பித்து, இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

இந்த ஒரு பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அட்டவணையில் இன்னும் சில கட்டங்களைச் சேருங்கள் என்பதே என் ஆலோசனை. பள்ளியைப் பார்க்கப் போகும்போது கேளுங்கள்: அணியில் இடம் கிடைக்காமல் வெளியே அமர்ந்திருக்கும் பையனை இங்கே யார் கவனிக்கிறார்கள்? முழங்கால் காயப்பட்டு ஆட்டத்தை விட்டவனுக்கு இங்கே என்ன மதிப்பு? ஒரு பாடத்தில் தவறினவனிடம் முதலில் பேசுகிறவர் யார்? மதிய உணவு வேளையில் தனியே உண்கிறவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே பாருங்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்த கட்டணச் சலுகை உண்டா என்று வெட்கப்படாமல் விசாரியுங்கள். உங்கள் ஊரின் அரசுப் பள்ளியையும் அதே அட்டவணையில் எழுதிப் பாருங்கள். இம்மாநிலத்தில் அது பல இடங்களில் தாழ்ந்த தெரிவு அல்ல. முடிவாக, பிள்ளையைக் கேளுங்கள். அன்று என் அறையில் ஒரு மணி நேரம் அவனைப் பற்றியே பேசினோம். அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. அந்தக் குறை என்னுடையதும்தான்.

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. அவர் கேட்ட வாக்கியத்தை நான் எழுதவில்லை. பொய்ச்சாட்சியோடு ஒரு பள்ளிக்குள் நுழைகிற பிள்ளை அங்கே முதலில் கற்றுக்கொள்வது எதை? ஆனால் நான் கண்ணால் கண்ட ஒன்று இருந்தது. சென்ற கோடையில் நம் சபையின் பூங்கா ஒன்றுகூடலில் பிள்ளைகள் பந்தாடினார்கள். இவனுக்குக் கிடைத்த பெனால்டி உதையை, அதுவரை பந்தைத் தொடாத ஒரு சிறுவனிடம் கொடுத்தான். சிறுவன் தவறவிட்டான், இவன் அவன் தோளில் கைபோட்டு நடந்துவந்தான். அதை எழுதுகிறேன் என்றேன். தகப்பனார் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, “எனக்கு இது தெரியாது ஐயா. அதையே எழுதுங்கள்” என்றார். ஞாயிறு ஆட்டங்களைக் குறித்துக் கிளப் பயிற்சியாளரிடம் பேசுவதாகவும் சொன்னார். என்ன ஆகும் என்று தெரியாது, அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி தேடுகிற பெற்றோருக்குக் கர்த்தர் ஞானத்தைத் தருவாராக. ஓடுகிற நம் பிள்ளைகள், விழுந்தவனைக் கண்டால் நிற்கவும் அறிந்தவர்களாய் வளர அவர் கிருபை செய்வாராக. ஆமென்.