பேதி மாத்திரையா? ஒரு நிமிஷம் பாஸ்!

காலேஜ் டூர் கிளம்பினா, யாராவது ஒருத்தர் ரெண்டாம் நாளே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவார், இல்லையா? உடனே பக்கத்து சீட்டு நண்பர் பையிலிருந்து ஒரு ஆன்டிபயாடிக்கை நீட்டுவார். அதை வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

பயணத்தில் வரும் பேதிக்குப் பெரும்பாலும் பாக்டீரியாதான் காரணம். முதல் குற்றவாளி, நச்சு சுரக்கும் ஒரு வகை ஈ.கோலை. அந்த நச்சு, உடம்புத் தண்ணியைக் குடலுக்குள் கொட்ட வைக்கும். கேம்பிலோபாக்டர், ஷிகெல்லா, சால்மோனெல்லா எல்லாம் கூட்டாளிகள். ஐஸ் கட்டியில் உறைஞ்சாலும் இதுங்க தாக்குப்பிடிக்கும். நல்லா கொதிச்சாத்தான் சாகும். அதனால பானிபூரித் தண்ணியைவிட ஆவி பறக்கிற இட்லி சேஃப்!

'பாக்டீரியான்னா ஆன்டிபயாடிக் போட்டாப் போச்சு'ன்னு நினைக்கிறீங்களா? அங்கதான் சிக்கல். தாய்லாந்தில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்காத கேம்பிலோபாக்டர், 1991-க்கு முன் நடந்த சோதனைகளில் பூஜ்யம். 1995-இல் 84 சதவீதம்!

இன்னொண்ணு. நெதர்லாந்து பயணிகளை வைத்து 2017-இல் வெளியான ஆய்வு இது. தெற்காசியாவுக்கு வந்துபோனவர்களில் 75 சதவீதம் பேர், பல ஆன்டிபயாடிக்குகளைச் செயலிழக்க வைக்கும் பாக்டீரியாவைக் குடலில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். போன இடத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஏன்? மாத்திரை நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் காலி பண்ணுது. காலியான சீட்டில் அடங்காத பாக்டீரியா துண்டு போட்டு இடம் பிடிக்குது! அப்படி ஒட்டிக்கிட்டது, 11 சதவீதம் பேருக்கு ஒரு வருஷம் கழிச்சும் போகலை. வீட்டில் இருக்கிற அம்மா, தங்கைக்கும் அது தொத்தலாம். நாளைக்கு அவங்களுக்கு ஒரு சிறுநீர்த் தொற்று வந்தா, வழக்கமான மருந்து கைகொடுக்காமப் போகலாம்.

அப்போ என்னதான் பண்றது? சாதாரண பேதி மூணு, நாலு நாளில் தானே அடங்கிடும். அதுவரை உப்பும் தண்ணியும் உடம்பைவிட்டு இறங்காமப் பார்த்துக்கணும். அதுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும். சாதாரணமா நினைச்சுடாதீங்க. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதைக் கொடுத்துத்தான், 30 சதவீதமாக இருந்த சாவை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்.

காய்ச்சல், மலத்தில் ரத்தம், தலைசுற்றல்னா உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. அவர் எழுதிக் கொடுத்தா மட்டும் ஆன்டிபயாடிக், அவர் சொன்ன நாள் வரைக்கும். மிச்சத்தை நண்பனுக்குத் தானம் பண்ணாதீங்க!

அடுத்த டூருக்குப் பையில் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் போட்டாச்சா? ஹேப்பி ஜர்னி!