இரண்டாம் முறை வந்த உபாத்தியாயர்

தூர தேசத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொண்டு செய்யப் புறப்படுகிறவருக்கு எந்த ஊரிலும் மரியாதைக்குக் குறைவில்லை. மாலை போடுகிறார்கள், வாழ்த்துரை வாசிக்கிறார்கள், நடுவில் நிறுத்திப் புகைப்படம் பிடிக்கிறார்கள். தொண்டு முடிந்து திரும்பி வந்தால் மறுபடியும் ஒரு மாலை. அனுபவங்களைப் பற்றி ஒரு பிரசங்கம். ஆனால் அதே மனிதர் சில மாதம் கழித்து, "அந்தப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போகிறேன்" என்று சொல்லட்டும். வீட்டில் தாயார் கண்ணைத் துடைத்துக் கொள்வாள். சிநேகிதர்கள், "ஒரு தடவை போய் வந்தது போதாதா?" என்று கேட்பார்கள். மாலையோடு வருகிறவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

மாலை போட வேண்டியது உண்மையில் இந்த இரண்டாவது பிரயாணத்துக்குத்தான் என்பது நமது அபிப்பிராயம். அதற்கு ஆதாரமாக ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவர் பெயர் வில்லியம் வின்ஸ்டான்லி பியர்ஸன். தீனபந்து ஆண்ட்ரூஸை அறிந்திருக்கும் நம்மவரில் பலர், அவருடைய தோழராக இருந்த பியர்ஸனை மறந்தே போய்விட்டார்கள்.

பியர்ஸன் 1881-ம் வருஷம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் பிறந்தவர், பாதிரியாரின் புதல்வர். கலாசாலைப் படிப்பை முடித்தபின், லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் கல்கத்தாவில் பவானிபூர் கலாசாலைக்கு ஆசிரியராக வந்தார். மாணாக்கர்களுக்குத் தாவர சாஸ்திரம் போதித்தார். தாம் வங்காளி பாஷையைக் கற்றுக் கொண்டார். பிற்பாடு அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டார். 1912-ல் லண்டனில் ரவீந்திரநாத் தாகூருடன் பழக்கம் ஏற்பட்டது. அந்தப் பழக்கம் அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டது.

வங்காளத்தில் வீர்பூம் ஜில்லாவில், போல்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே, செம்மண் காட்டின் நடுவில் இருந்தது தாகூரின் பள்ளிக்கூடம். 1901-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஐந்தே பிள்ளைகளோடு ஆரம்பமானது அது. மரத்தடியே வகுப்பறை, தரையே ஆசனம். மகாகவிக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் பள்ளிக்கூடத்தின் பணக் கஷ்டம் தீரவில்லை. பெரிய சம்பளத்தையோ பதவியையோ நாடுகிற எவரும் திரும்பிப் பார்க்கக்கூடிய இடமல்ல அது. 1914-ல் பியர்ஸன் அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

வருவதற்கு முன்பே அவர் ஒரு நீண்ட யாத்திரை செய்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் காந்திஜியின் சத்தியாக்கிரகப் போர் உச்ச நிலையில் இருந்த சமயம், ஆண்ட்ரூஸும் அவரும் கப்பலேறி 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களில் நம் தொழிலாளிகள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதை நேரில் விசாரித்தறிவது பியர்ஸனின் வேலையாயிற்று. அந்தத் தொழிலாளிகளில் தமிழர்கள் எத்தனை பேர் என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தில்லையாடி வள்ளியம்மை உயிர் நீத்த போராட்டம் அதுவேயல்லவா?

சாந்திநிகேதனத்தில் அவர் ஆங்கிலம் கற்பித்தார். அத்துடன் நில்லாமல், பக்கத்துச் சந்தால் கிராமத்துக்குப் போய் அங்குள்ள ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தார். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சம்பவம் போதும். 1915-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் காந்திஜி சாந்திநிகேதனத்தில் தங்கியிருந்தார். சமையற்காரர்களை நீக்கிவிட்டு, ஆசிரியர்களும் பிள்ளைகளுமே சமையல் வேலையைச் செய்து பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். சிலருக்கு உற்சாகம், சிலருக்குச் சங்கடம். பியர்ஸன் என்ன செய்தார் தெரியுமா? பெரிய பெரிய அண்டாக்களைத் தேய்த்துக் கழுவும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார். பாத்திரம் தேய்ப்பவர்களுக்குக் களைப்புத் தெரியாமலிருக்கப் பிள்ளைகள் சிதார் வாசித்தார்களாம். இதைக் காந்திஜியே தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தச் சோதனை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் அது தொடங்கிய மார்ச்சு 10-ந் தேதியை ஞாபகார்த்த தினமாகக் கொண்டாடும் வழக்கம் சாந்திநிகேதனத்தில் நிலைத்துவிட்டது.

வெள்ளைக்காரர்கள் இந்தத் தேசத்தை ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஆளும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர், முழங்கையளவு கரியோடு அண்டா தேய்ப்பதைக் கண்ட பிள்ளைகள் அன்று கற்ற பாடம் எந்தப் புஸ்தகத்திலும் கிடைக்கக் கூடியதல்ல.

இனி, அவர் பிரிந்துபோன கதைக்கு வருவோம். 1915-ல் ஆண்ட்ரூஸும் பியர்ஸனும் பிஜித் தீவுக்குச் சென்று, ஒப்பந்தக் கூலி முறையின் கொடுமைகளை விசாரித்து, மறு வருஷம் அறிக்கை வெளியிட்டார்கள். 1916-ல் தாகூர் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போனபோது பியர்ஸன் உடன் சென்றார். பிறகு அவர் ஜப்பானில் தங்கி, இந்தியாவின் சுயாட்சி உரிமைக்காக வாதாடி ஒரு நூல் எழுதினார். அது 1917-ல் டோக்கியோவில் வெளியாயிற்று. பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தடை செய்தார்கள். மறு வருஷம் சீனாவில் பீகிங் நகரில் அவரைக் கைது செய்து, இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதரின் கதை சுகமாக முடிந்திருக்கும். "நம்மால் ஆனதைச் செய்தோம், அதற்குமேல் சர்க்கார் விடவில்லை" என்று சொல்லிக்கொண்டு, சொந்த ஊரில் ஓர் உத்தியோகத்தைத் தேடிக் கொண்டிருக்கலாம். அதை யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். பியர்ஸனோ, மகாயுத்தம் முடிந்து வழி பிறந்ததும், மேல்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்துகொண்டிருந்த தாகூருடன் மறுபடி சேர்ந்துகொண்டார். 1921-ம் வருஷம் பழைய சாந்திநிகேதனத்துக்கே உபாத்தியாயராகத் திரும்பி வந்தார். அந்த டிசம்பரில்தான் விசுவபாரதி முறைப்படி தொடங்கப் பெற்றது.

முதல் தடவை வருகிறவருக்கு ஆவல் துணை செய்கிறது. புதிய ஊர், புதிய முகங்கள், புதிய ருசிகள் எல்லாம் சேர்ந்து சிரமங்களை மறைத்து விடுகின்றன. இரண்டாம் தடவை வருகிறவருக்கு அந்தத் திரை கிடையாது. வீர்பூம் ஜில்லாவின் வைகாசி வெயில் எப்படிக் கொளுத்தும், மலேரியா ஜுரம் எப்படி உடம்பை முறிக்கும், பள்ளிக்கூடத்துப் பணப்பெட்டி எவ்வளவு லேசானது, சர்க்கார் ஒற்றர்களின் கண் எப்படிப்பட்டது என்பதெல்லாம் பியர்ஸனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வந்தார். முதல் வருகையில் ஆசை எவ்வளவு, அன்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது; இரண்டாவது வருகை அதைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

பிள்ளைகளின் பக்கத்திலிருந்தும் இதை யோசிக்க வேண்டும். தூர தேசத்திலிருந்து வாத்தியார் வருகிறார். பிள்ளைகள் கூச்சம் நீங்கி அவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சில வாரம் ஆகிறது. அதற்குள் அவருடைய விடுமுறை தீர்ந்துவிடுகிறது. "கட்டாயம் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பெரியவர்களுக்கு அது உபசார வார்த்தை; குழந்தைகளுக்கு அது வாக்கு. வாசலைப் பார்த்து ஏமாந்த குழந்தை அடுத்து வரும் வாத்தியாரிடம் அவ்வளவு சுலபமாக மனத்தைக் கொடுக்காது.

இந்தக் காலத்தில் இது பழங்கதையல்ல. ஆகாய விமானம் ஏறி, மூன்று வாரம் ஆப்பிரிக்காவிலோ நேபாளத்திலோ பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் இளைஞர்கள் அநேகர். அயல்நாட்டில் வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளும், கோடை விடுமுறையில் இங்கே வந்து ஏதாவது ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் தொண்டு செய்ய விரும்புகிறார்கள். விருப்பம் நல்லதே, அதைத் தடுக்க வேண்டாம். ஆனால், "போகட்டுமா?" என்று கேட்கும்போது பெற்றோர்கள் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்பது நலம்.

முதலாவது: அந்த ஊர்ப் பிள்ளைகள் பேசும் பாஷையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தாயா? வங்காளி தெரியாத பியர்ஸன் சாந்திநிகேதனத்தில் ஒரு விருந்தாளியாகவே இருந்திருப்பார். இரண்டாவது: பள்ளிக்கூடத்தார் கேட்ட வேலையைச் செய்யப் போகிறாயா, நீ விரும்பிய வேலையையா? அண்டா தேய்க்க ஆள் வேண்டுமென்றால் அண்டா தேய்க்கத் தயாரா? உள்ளூர் ஆசிரியரின் நாற்காலியில் உட்காருவதைவிட, அவருக்கு ஒத்தாசையாக நிற்பதே அநேக இடங்களில் மேலான தொண்டு. மூன்றாவது கேள்விதான் முக்கியம்: மறு வருஷமும் போவாயா? "போகமாட்டேன்" என்பது பதிலானால், பிள்ளைகளிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை. "போவேன்" என்பது பதிலானால், ரயில் கட்டணத்தை இப்போதே ஒதுக்கி வைக்கத் தொடங்கலாம்.

திரும்பி வந்த பியர்ஸனுக்கு விதி அதிக காலம் கொடுக்கவில்லை. 1923-ம் வருஷம் செப்டம்பர் மாதம், இத்தாலி தேசத்தில் பிரயாணம் செய்துகொண்டிருந்தபோது, ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து, அந்தக் காயத்தினால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. தாகூரின் 'கோரா' நாவலை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். அது மறு வருஷம் அச்சாகி வெளிவந்தபோது பார்க்க அவர் இல்லை. அதற்கு முன்னரே, 1916-ல், மகாகவி 'பலாகா' என்ற தமது கவிதை நூலை அவருக்குச் சமர்ப்பணம் செய்திருந்தார்.

சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் சாந்திநிகேதனத்தை உலகப் பாரம்பரிய இடங்களின் ஜாபிதாவில் சேர்த்தார்கள். உலகத்தார் இன்று பார்க்கப் போகும் அந்த இடத்தில், ஒரு ஆஸ்பத்திரிக்குப் பியர்ஸன் பெயர். அருகே, சந்தால் மக்கள் வசிக்கும் ஒரு சிற்றூருக்கும் 'பியர்ஸன் பல்லி' என்று பெயர். ஊருக்கு ஒருவருடைய பெயரை வைப்பதென்றால், அவரைத் தங்களவர் என்று ஜனங்கள் எண்ணியிருக்க வேண்டும். அந்த எண்ணம் ஒரு தடவை வந்து போனவருக்குக் கிடைப்பது அரிது.