மீசைக்கும் ஒப்பந்தம் வேண்டும்

2025 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரதமர் கியர் ஸ்டார்மர் மும்பைக்கு வந்தார். அவரும் நம் பிரதமரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் ஒரு சிறு செய்தி இருந்தது. இந்திய விமானப்படையின் பயிற்சி ஆசிரியர்களைப் பிரிட்டனின் ராயல் விமானப்படைப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு நடந்து வருகிறது என்பதே அது. ஒரு காலத்தில் நமக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இனி நம்மவர்கள் கற்றுக்கொடுப்பார்கள். மகிழ்ச்சியான சேதி.

இது போலப் பல நாடுகள் தங்களுக்குள் அதிகாரிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பரிமாற்றத்தில் போகிற அதிகாரி தூதர் அல்லர். வேடிக்கை பார்க்கப் போகிறவரும் அல்லர். அந்நியப் படையில் உள்ள ஒரு வேலையில் அமர்ந்து, அங்குள்ள மேலதிகாரி சொல்லுகிறபடி நடக்க வேண்டும். ஆனால் அவர் உடம்பில் இருப்பது சொந்த நாட்டுச் சீருடை. தோளில் இருப்பது சொந்த நாட்டுப் பதவிச் சின்னம்.

சீருடை சொந்த நாட்டுடையது, சரி. காலருக்கு மேலே இருக்கும் முகம் எந்த நாட்டு விதிக்குக் கட்டுப்பட்டது? மீசை, தாடி, கிராப்பு, தலைப்பாகை ஆகியவற்றுக்கு யார் சட்டம்?

இது அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கலாம். அந்நியப் படையில் தன்னந்தனியாகப் போய் நிற்கிறவருக்கு இது அற்பமல்ல.

நாட்டுக்கு ஒரு விதி

நம் விமானப்படையில் மீசை வைக்கலாம், தாடி கூடாது. முடியை வெட்டக் கூடாது என்று மதமே விதித்திருந்தால் மட்டும் 425ஆவது விதி விலக்குத் தருகிறது. அதனால்தான் சீக்கியர்கள் தாடியோடும் தலைப்பாகையோடும் பணி புரிகிறார்கள். நம் கடற்படையிலோ தாடிக்கு அனுமதி உண்டு. ஒரே நாட்டின் இரண்டு படைகளுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்!

ராயல் விமானப்படை நெடுங்காலம் மீசையை மட்டுமே அனுமதித்தது. 2019 செப்டம்பர் 1 முதல், ஒழுங்காகக் கத்தரித்த முழுத் தாடியும் வைக்கலாம் என்றது. கனடா ராணுவம் அதற்கு ஓராண்டு முன்பே, 2018இல், தாடிக்குக் கதவைத் திறந்துவிட்டது. அமெரிக்க விமானப்படையில் பொதுவாகத் தாடி கூடாது. மீசைக்கும் எல்லை உண்டு. 2025 செப்டம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இந்த விதிகளை மேலும் இறுக்கியது.

2019இல் பாகிஸ்தானில் சிறைப்பட்டு மீண்ட நம் தமிழ் வீரர் அபிநந்தனின் மீசையை நாடே கொண்டாடியது. சலூன்களில் அதே மீசையைக் கேட்டு வாங்கிய இளைஞர்கள் எத்தனை பேர்! அப்படி ஒரு மீசையோடு ஓர் அதிகாரி பரிமாற்றத்தில் அமெரிக்கா போனால், அங்குள்ள விதிப்படி அதன் இரு முனைகளும் கத்தரிக்குத் தப்பா.

ஓல்ட்ஸின் மீசை

அமெரிக்க விமானப்படையில் ராபின் ஓல்ட்ஸ் என்று ஒரு வீரர் இருந்தார். 1948இல் பரிமாற்ற அதிகாரியாக இங்கிலாந்து போனார். அவர் திறமையைக் கண்ட பிரிட்டிஷார், டாங்மியர் தளத்தில் இருந்த தங்கள் முதலாம் எண் ஸ்குவாட்ரனையே அவரிடம் ஒப்படைத்தார்கள். அந்நியர் ஒருவருக்குத் தங்கள் ஸ்குவாட்ரனைக் கொடுப்பதென்றால் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

பின்னாளில், வியட்நாம் போரின்போது, 1966-67இல் தாய்லாந்தின் உபோன் தளத்தில் அமெரிக்கப் போர் விமானப் பிரிவுக்கு அவர் தலைமை தாங்கினார். அங்கே விதியை மீறிப் பெரிய முறுக்கு மீசை வளர்த்தார். வீரர்கள் அதைக் கண்டு பூரித்தார்கள். ஊர் திரும்பியதும் விமானப்படைத் தலைமைத் தளபதி மெக்கானல் அந்த மீசையைப் பார்த்தார், எடுத்துவிடச் சொன்னார். ஓல்ட்ஸ் மறுபேச்சுப் பேசவில்லை, எடுத்துவிட்டார். இன்றும் அமெரிக்க விமானப்படை வீரர்கள் மார்ச் மாதத்தில் அவர் நினைவாக மீசை வளர்ப்பதுண்டு.

இந்தக் கதையைப் பலர் சிரித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஓல்ட்ஸ் மீசையை முறுக்கியது தம் சொந்தப் படையில். அவர் மார்பில் பதக்கங்கள் இருந்தன. பின்னால் அவருடைய வீரர்கள் நின்றார்கள். அந்நியப் படையில் விருந்தாளியாக இருப்பவருக்கு அந்தச் சலுகை ஏது? அவர் செய்கிற சிறு தவறும் அவர் நாட்டின் கணக்கில் எழுதப்படும்.

மூன்று வகை

தோற்றத்தைப் பற்றிய விதிகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. அவை மூன்று வகை.

முதல் வகை, உயிரைக் காக்கும் விதி. உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. 18,000 அடியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான். போர் விமானி பிராணவாயு முகமூடி அணிகிறார். அது கன்னத்திலும் தாடையிலும் கசிவில்லாமல் பொருந்த வேண்டும். தாடி குறுக்கே நின்றால் முகமூடி சரியாகப் பொருந்தாது என்று ஒரு படை கருதினால், விருந்தாளி வாதாடக் கூடாது. தாடிக்கு அனுமதி தந்த கனடாவும், பணிக்கு அவசியமானால் மழிக்கச் சொல்லும் அதிகாரத்தைத் தளபதிகளிடம் விட்டிருக்கிறது.

இரண்டாவது வகை, வெறும் வழக்கம். கிருதா எவ்வளவு இறங்கலாம், மீசை எவ்வளவு அகலலாம் என்பவை. இவற்றுக்குப் பெரிய காரணம் கிடையாது. நேற்று கூடாது என்றவர்களே இன்று கூடும் என்கிறார்கள். இருந்தாலும் விருந்தாளி இதிலும் விட்டுக்கொடுப்பதே அழகு. இரண்டு ஆண்டுகளுக்கு மீசையைச் சிறிதாக்கினால் மானம் போய்விடாது. ஊர் திரும்பியதும் வளர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை, நம்பிக்கையைத் தொடுவது. இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். 1917இல், ஆக்ஸ்போர்டில் படித்த ஹர்தித் சிங் மாலிக் என்பவர் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார். தலைப்பாகையைக் கழற்றவில்லை. அதற்கு மேலே பொருந்தும்படி பெரிய தலைக்கவசம் ஒன்று தனியாகத் தயாரானது. போரில் காலில் குண்டு பாய்ந்தும் பிழைத்தார். பிற்காலத்தில் பிரான்சில் நம் தூதராகவும் இருந்தார். 1940இல் இங்கிலாந்து போன இந்திய விமானிகளில் மொகிந்தர் சிங் புஜ்ஜியும் ஒருவர். அவரும் தலைப்பாகையோடுதான் போர் விமானம் ஓட்டினார். இவர்கள் பரிமாற்றத்தில் போனவர்கள் அல்லர். ஆனாலும், மனம் இருந்தால் வழி உண்டு என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

ஒருமை வேண்டாமா?

படை என்றால் எல்லோரும் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் விமானப்படையில் தாடி வைக்க அனுமதி கேட்டு ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விமானப்படையின் பக்கமே தீர்ப்பளித்தது. சாதி, மதம், நிறம் பாராமல் படை ஒன்றுபட்டு நிற்பதற்காகவே தோற்ற விதிகள் ஏற்பட்டவை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சொந்தப் படைக்கு இது பொருந்தும். பரிமாற்ற அதிகாரியோ முன்னமே வேறு சீருடையில் நிற்கிறார். அவர் வேறு நாட்டவர் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்பதே ஏற்பாடு. நீலகிரியில் வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் படிக்க வரும் வெளிநாட்டு அதிகாரிகள் தங்கள் தங்கள் நாட்டுச் சீருடையிலேயே வகுப்புக்கு வருகிறார்கள். அதனால் கல்லூரியின் கட்டுப்பாடு குலைந்துவிடவில்லை.

எழுதி வைக்க வேண்டும்

ஆகவே நம் அரசாங்கம் ஒன்று செய்ய வேண்டும். நம் ஆசிரியர்கள் இங்கிலாந்துக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே, தோற்ற விதிகளையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். எது கட்டாயம், எது வழக்கம், எதில் விலக்கு உண்டு என்பது மூன்று பத்தியில் அடங்கும். பிரிட்டனில் தாடிக்கு அனுமதி இருப்பதால் நம் அதிகாரியும் அங்கே வளர்க்கலாமா, கூடாதா என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து தாடியோடு ஒருவர் இங்கே வந்தால் அவருக்கும் அதே மரியாதை தர வேண்டும்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்? அங்குள்ள தளபதி நல்லவராக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார். அடுத்து வருகிறவர் கெடுபிடிக்காரராக இருந்தால் முகத்தைப் பார்த்தே முகம் சுளிப்பார். தம் வேலையை எடை போடுகிறவரிடம் ஒருவர் எப்படி வாதாடுவார்? அலுவலகத்தில் ரகசியக் குறிப்பேட்டுக்குப் பயந்து வாய் மூடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் பிழைக்க வந்த நமக்கு இது அனுபவப் பாடம். ஆலையில் இயந்திரத்தின் அருகே வேட்டி கூடாது என்றார்கள். சரி என்று கால்சட்டைக்கு மாறினோம். நெற்றியில் திருநீறு எதற்கு என்று யாராவது கேட்டால், அதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது. வேலைக்காகக் கேட்பது எது, வேண்டாத அதிகாரத்துக்காகக் கேட்பது எது என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் கையில் ஒரு காகிதம் இல்லை.

கடல் கடந்து போகிற அதிகாரிக்காவது அந்தக் காகிதத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.